ஒரு செடியும் அதன் பெயர்களும்: ‘ஹெம்ப்’ பற்றிய ஒரு சொல்லாராய்ச்சி

முன்னுரை

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் வேறொரு பொருளுக்கும் சென்று வழங்குதல் எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பே. பலபொருளொருசொல் என நம் இலக்கணத்தார் இதனை வகைப்படுத்தி ஆராய்ந்தனர். இலக்கியத்தில் இத்தகைய சொல் சுவை பயக்கும், சிலேடைக்கு இடந்தரும். உழவிலும் வாணிகத்திலும் சட்டத்திலுமோ அது பெரும் இடர் விளைத்தலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ எனப்படும் செடி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இச்செடியைத் தொழிற்பயன் கருதி வளர்த்தல் பற்றிய செய்திகள் இன்று தமிழிலும் வருகின்றன. அவற்றை எழுதுவோர் ‘தொழிற்சாலைச் சணல்’ என்றும், ‘தொழில்துறைக் கஞ்சா’ என்றும் மொழிபெயர்க்கக் காண்கிறோம். முன்னதைக் கேட்பவர் கோணி நெய்யும் நாரை நினைப்பர். பின்னதைக் கேட்பவர் காவல் நிலையத்தை நினைப்பர். ஒரே செடியைக் குறிக்க எழுந்த இரு தொடர்கள் கேட்பார் உள்ளத்தில் இரு வேறு பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. இவற்றுள் எது பொருந்தும், இரண்டும் பொருந்தாவாயின் வேறு எப்பெயர் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள். செடியின் இயல்பும் வரலாறும் பயனும் சட்டநிலையும் அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை காணல் இயலாது. ஆதலின் அவற்றை முறையே காண்பாம்.

செடியின் இயல்பும் பயனும்

நாம் ஆராய எடுத்துக்கொண்ட செடி கஞ்சாச் செடியே, வேறன்று. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குக் ‘கன்னபிஸ் சாட்டைவா’ எனப் பெயரிட்டார். 1785-இல் லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர், இந்தியாவிலிருந்து பெற்ற செடியை வேற்றினமாகக் கருதிக் ‘கன்னபிஸ் இண்டிகா’ என்றார். இவை இரண்டு இனங்களோ, ஓரினத்தின் இரு வகைகளோ என்னும் வழக்கு தாவர நூலாரிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது.

இச்செடியில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனியே வளரும். நாருக்காக விதைப்போர் நெருக்கி விதைப்பர். நெருக்கத்தால் செடி கிளைவிடாது நெடிது வளரும். தண்டின் நார் நீளும். மயக்கப் பொருளுக்காக வளர்ப்போர் இதற்கு மாறாக இடைவெளிவிட்டு நடுவர். கிளைகளும் பெண்பூங்கதிர்களும் மிகுவதையே அவர் வேண்டுவர். ஆகவே வயலின் தோற்றமே பயிரிட்டவனின் நோக்கத்தை ஓரளவு புலப்படுத்தும்.

தண்டின் புறத்தே நாரும் அகத்தே மென்கட்டையும் உள்ளன. அறுத்த தண்டை நீரிலோ பனியிலோ ஊறவைத்து, நாரைக் கட்டையினின்று பிரிப்பர். நார் கயிற்றுக்கும் பாய்த்துணிக்கும் சாக்குக்கும் தாளுக்கும் பயன்பட்டது. உட்கட்டையைச் சுண்ணாம்புடன் கலந்து சுவர் எழுப்பும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியது. விதை எண்ணெயும் புரதமும் மிக்கது. அது பறவைக்குத் தீனியாகவும் மக்களுக்கு உணவாகவும் பயன்படுவது.

மயக்கம் தரும் பொருள் யாது என்பது 1964-இல்தான் தெளிவாகப் புலனாயிற்று. இசுரேல் நாட்டில் ரபேல் மெக்கௌலம், எகியேல் கவோனி என்னும் வேதியியலறிஞர் இருவரும் டெட்ரா ஹைட்ரோ கன்னபினால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். இதனை டி.எச்.சி. எனச் சுருக்கி வழங்குவர். இப்பொருள் பெண்பூங்கதிரின் பிசினில் மிகுந்தும், இலையில் குறைந்தும், தண்டிலும் விதையினுள்ளும் மிக அருகியும் காணப்படும். வகைக்கு வகை இதன் அளவு பெரிதும் வேறுபடும். நாருக்கென வழிவழியாகத் தேர்ந்தெடுத்துப் பேணிய வகைகளில் இது மிகக் குறைவு. ‘தொழிற்பயன் ஹெம்ப்’ எனப்படுவது இத்தகைய வகைகளையே.

சொல்லின் பயணம்

‘ஹெம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘கன்னபிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஓசையால் தொடர்பற்றன போலத் தோன்றும். ஒலியிலக்கணம் கற்றார்க்கு அவை உடன்பிறப்புகள் என்பது விளங்கும். செருமானிய மொழிகளில் பழைய ககரம் ஹகரமாகவும், பழைய பகர ஒலிப்பொலி ஒலிப்பிலா வல்லோசையாகவும் திரிந்தன. யாக்கோபு கிரிம் விளக்கிய இத்திரிபு விதிப்படி ‘கன்னபிஸ்’ என்பதன் மூலவடிவம் ‘ஹனப்’ என்றாகிப் பின் ‘ஹெம்ப்’ என முடிந்தது. இதனால் ஓர் உண்மை பெறப்படும். இத்திரிபு நிகழ்வதற்கு முன்னரே செருமானியர் இச்சொல்லைக் கடன் கொண்டனர். எனவே செடியும் அவர்களிடம் அத்துணைப் பழங்காலத்திலேயே சென்று சேர்ந்தது எனக் கொள்ளலாம். கித்தான் என நாம் கூறும் முரட்டுத் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கான்வாஸ்’ என்னும் பெயரும் ‘கன்னபிஸ்’ என்பதன் வழிவந்ததே. அத்துணி முன்னர் இந்நாரால் நெய்யப்பட்டமையே காரணம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ், திரேசியர் இந்நாரால் ஆடை நெய்ததையும், சிதியர் இதன் விதையைக் காய்ந்த கற்களின்மேல் இட்டு எழுந்த ஆவியில் மூழ்கிக் களித்ததையும் தம் வரலாற்று நூலில் ஒருங்கே குறிப்பிடுகிறார். ஆடைக்கும் களிப்புக்கும் ஒரு செடியே பயன்பட்டது, பெயரும் ஒன்றே. பிற்காலச் சட்டங்களைத் தடுமாறச் செய்த சிக்கலின் வித்து அந்நூலிலேயே உள்ளது எனலாம்.

வடமொழியில் இச்செடி ‘பங்கா’ எனப்பட்டது. அதர்வ வேதம் இப்பெயரைக் கூறுகிறது. பாணினி, எள், உழுந்து, ஆளி முதலியவை விளையும் நிலங்களுக்குப் பெயராக்கும் விகுதிகளை விதிக்கும் நூற்பாவில், பங்காவையும் உடன் எண்ணுகிறார். ஒரு செடி விளையும் நிலத்துக்குத் தனிப்பெயர் வேண்டப்பட்டதெனின், அது தானே முளைத்த காட்டுச் செடியாக மட்டும் இருந்திருத்தல் இயலாது. வயலில் விதைத்த பயிராகவும் இருந்திருத்தல் வேண்டும். இலக்கண நூல் உழவு வரலாற்றுக்குச் சான்றாதல் இவ்வாறே. எல்லோராக் குகைகளின் மண்பூச்சில் இச்செடியின் கூறுகள் கலந்திருத்தலை 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. குமாயூன், கார்வால் மலைகளில் இந்நாரால் நெய்த முரட்டுத் துணி ‘பங்கேலா’ எனப் பெயர் பெற்றது. அம்மலைநாட்டார் இன்றும் இதன் விதையைத் துவையலாக அரைத்து உண்கின்றனர்.

சணம், சணப்பு, சணல்

வடமொழியில் ‘சணம்’ என்பது மற்றொரு சொல். இது சணப்புச் செடியையும், சில இடங்களில் கஞ்சா நாரையும் குறிப்பதாக உரைகாண்போர் கொள்வர். தமிழ்நாட்டு உழவர் பசுந்தாள் உரத்துக்காக விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் சணப்பு, அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. கஞ்சாவுடன் அதற்கு யாதோர் உறவும் இல்லை. ஆயினும் ஆங்கில வணிகர் சணப்பு நாரைச் ‘சன் ஹெம்ப்’ என்றும், ‘இந்திய ஹெம்ப்’ என்றும், ‘சென்னை ஹெம்ப்’ என்றும் வழங்கினர்.

இதற்குக் காரணம் வாணிகமே. பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் கயிறும் பாயும் இன்றிக் கடலாட்சி இல்லை. தாரூட்டிய ஹெம்ப் நார் கடல்நீரைத் தாங்கும் வலிமையுடையது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533-ஆம் ஆண்டில், அறுபது ஏக்கர் உழுநிலம் உடையார் கால் ஏக்கரில் ஆளியோ ஹெம்ப்போ விதைத்தல் வேண்டுமெனச் சட்டம் இயற்றினான். அன்று விதையாமை குற்றமாயிற்று! உள்நாட்டு விளைவு போதாமையால் ஆங்கிலக் கடற்படை உருசியாவின் நாரையே பெரிதும் சார்ந்திருந்தது. உருசியாவுடன் பகை மூண்ட போதெல்லாம் நாருக்கு முடை ஏற்பட்டது. அப்பொழுது கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்திய நார்களை ஆராயத் தொடங்கினர். ராக்ஸ்பர்க் என்னும் தாவர அறிஞர் சணப்பு முதலிய நார்களின் வலிமையை அளந்து எழுதினார். கிரிமியப் போர் நிகழ்ந்த 1855-இல் ஃபோர்ப்ஸ் ராயில் இந்திய நார்ச்செடிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஹெம்ப்புக்கு ஈடாகக் கருதப்பட்ட ஒவ்வொரு நாரும் ஹெம்ப் என்றே பெயர் பெற்றது. வாழை இனத்ததாகிய பிலிப்பைன் நார் ‘மணிலா ஹெம்ப்’ ஆயிற்று. புளிச்சை ‘தக்காண ஹெம்ப்’ ஆயிற்று. சங்க நூல்களில் மரல் என வழங்கும் செடியும் ‘வில்நாண் ஹெம்ப்’ ஆயிற்று.

தமிழிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. இன்று சணல் என்றதும் நம் நினைவுக்கு வருவது கோணியும் சாக்கும் செய்யும் வங்க நாரே. வங்கத்தில் ரிஷ்ராவில் 1855-இல் முதல் ஆலை தோன்றிய பின் அந்நாரும் அதனாலாய சாக்குகளும் நாடெங்கும் பரவின. புதிய நாருக்குப் பழைய நாரின் பெயரே சென்று பொருந்தியது எனக் கருத இடமுண்டு. ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ எவ்வாறு நார்ப்பொதுப் பெயராயிற்றோ, அவ்வாறே தமிழில் ‘சணல்’ ஆயிற்று. எனவே இரு பொதுப்பெயர்களையும் ஒன்றற்கொன்று நேராக வைத்து ‘ஹெம்ப்’ என்பதைச் ‘சணல்’ என மொழிபெயர்த்தல் எளிதாகத் தோன்றுகிறது. அவ்வெளிமையே பிழைக்கு வழியாகிறது.

கஞ்சாவுக்கோ தமிழில் வேறு பெயர்கள் வழங்கின. சித்த மருத்துவ வழக்கில் அது கோரக்கர் மூலி, சிவமூலி எனப் பெறும். இப்பெயர்கள் மருந்தை நோக்கியன. நாரை நோக்கியன அல்ல. நாருக்காக இச்செடியை வளர்க்கும் வழக்கம் இமயச் சாரலில் வேரூன்றியது போலத் தமிழகத்தில் வேரூன்றவில்லை. பொருள் இல்லாத இடத்துப் பெயர் இல்லாமை இயல்பே. இன்று அப்பொருள் பேசப்படுவதாற்றான் பெயரின் இன்மை உணரப்படுகிறது.

சட்டம் வகுத்த எல்லைகள்

மயக்கப் பொருள் பற்றிய விரிவான அரசாய்வு இந்தியாவில் 1893-94-இல் நிகழ்ந்தது. ‘இந்திய ஹெம்ப் மருந்துக் குழு’ 1,193 பேரிடம் சான்று பெற்று, முற்றத் தடுத்தல் வேண்டா, வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தலே தக்கது என முடிவு கூறியது. அக்குழுவின் பெயரிலும் ‘ஹெம்ப்’ என்னும் சொல்லே நின்றது. வணிகர்க்கு ‘இந்திய ஹெம்ப்’ சணப்பு. மருத்துவர்க்கு ‘இந்திய ஹெம்ப்’ கஞ்சா.

பெயர் மயக்கத்தால் நேர்ந்த விளைவை அமெரிக்க வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1937-இல் அந்நாட்டுப் பேரவையில் ஒரு வரிச்சட்டம் கொணரப்பட்டது. அதில் ‘மரிஹுவானா’ என்னும் மெக்சிகோ வழக்குச் சொல் தலைப்பாக நின்றது. அமெரிக்க மருத்துவர் கழகத்தின் சார்பில் சான்று கூறிய வில்லியம் உட்வர்ட், அயற்சொல்லாகிய இப்பெயரால், தாம் பயன்படுத்தும் மருந்தையே இச்சட்டம் தொடுகிறது என்பதை மருத்துவர்கள் உணராமற் போயினர் எனக் குறை கூறினார். சட்டம் நிறைவேறியது. முதிர்ந்த தண்டையும் நாரையும் முளையாதவாறு செய்த விதையையும் அது விலக்கியது. எனினும் பயிரிடுவோர் பதிவும் வரியும் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. நார்ப்பயிரின் வீழ்ச்சிக்குச் சட்டம் மட்டுமே காரணம் என்றல் மிகையாகும். நீராவிக் கப்பலும் எஃகு வடமும் மணிலா நாரும் வங்கச் சணலும் அதனை முன்னரே தளரச் செய்திருந்தன. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன் தீவுகள் சப்பானியர் கைப்பட்டு மணிலா நார் வாராதொழிந்த பொழுது, அவ்வரசே ‘வெற்றிக்கு ஹெம்ப்’ என்னும் பெயரால் 1942-இல் ஒரு திரைப்படம் எடுத்து உழவரை இச்செடி பயிரிடுமாறு வேண்டியது. ‘மரிஹுவானா’ என்னும் பெயரால் அச்சுறுத்திய செடியை ‘ஹெம்ப்’ என்னும் பெயரால் போற்றினர்.

1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம், நார், விதை ஆகிய தொழிற்பயனுக்கும் தோட்டக்கலைக்கும் மட்டுமே இச்செடியைப் பயிரிடுதலைத் தன் ஆட்சியினின்று விலக்கியது. இஃது நோக்கம் பற்றிய எல்லை. பின்னர், அளவு பற்றிய எல்லை எழுந்தது. எர்னஸ்ட் ஸ்மால் என்னும் கனடிய அறிஞரும் ஆர்தர் கிராங்க்விஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞரும் 1976-இல் எழுதிய வகைப்பாட்டுக் கட்டுரையில், உலர் எடையில் டி.எச்.சி. நூற்றுக்கு 0.3 பங்கு என்பதை இரு பிரிவுகளுக்கும் இடையிலான கோடாகக் கொண்டனர். வகைப்பாட்டின் வசதி கருதி வரைந்த கோடு அது. அதுவே பின்னர்ப் பல நாடுகளின் சட்டமாயிற்று. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா அவ்வளவை ஏற்று ஹெம்ப்பைத் தடைப்பட்டியலினின்று நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் உழவர் மானியத்துக்குரிய எல்லையை 2023 முதல் 0.2-இலிருந்து 0.3-ஆக உயர்த்தியது. வேதியியல் முறையில் மாற்றி ஆக்கிய மயக்கப் பொருள்களும் ‘ஹெம்ப்’ என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தையில் விற்கப்பட்டமையால், 2025 நவம்பரில் அந்நாடு அவ்வரையறையை மீண்டும் இறுக்கிச் சட்டமியற்றி, அது நடைமுறைக்கு வர ஓராண்டுத் தவணை தந்தது. எண்ணால் வகுத்த வரையறையும் பெயரின் நெகிழ்ச்சியை முற்றும் தடுக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ளது 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், உளவெறியூட்டும் பொருள்கள் பற்றிய சட்டம். அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘கஞ்சாச் செடி’ என்பதற்கு, கன்னபிஸ் இனத்தைச் சார்ந்த எச்செடியும் என அது வரையறை தருகிறது. டி.எச்.சி. அளவு அவ்வரையறையில் இல்லை. எனவே பயிரிடுதல் பற்றிய விலக்கு, நார்வகை, மயக்கவகை என்னும் வேறுபாடின்றி எல்லாவற்றையும் தழுவும். ‘கஞ்சா’ என்னும் பொருளுக்கோ உறுப்புப் பற்றிய வரையறை தரப்படுகிறது. பூத்த அல்லது காய்த்த நுனிகளே கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. எப்பெயரால் வழங்கினும் அது கஞ்சாவே என்றும் சட்டம் கூறுகிறது. பெயர் மாற்றத்தால் பொருள் தப்பிவிடக் கூடாது என்பதே சட்டம் இயற்றியோர் கருத்து. பதினான்காம் பிரிவு மட்டும், நார், விதை ஆகிய தொழிற்பயனுக்கோ தோட்டக்கலைக்கோ பயிரிட அரசு தன் ஆணையால் நிபந்தனையுடன் இசைவளிக்கலாம் என்கிறது. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் எதிரொலியை இதிற் கேட்கலாம்.

ஆகவே இச்சட்டம் பயிரை இனத்தாலும், பொருளை உறுப்பாலும், விலக்கை நோக்கத்தாலும் வரையறுக்கிறது. 0.3 என்னும் அளவு, இசைவு அளிக்கும் மாநிலம் விதிக்கும் நிபந்தனையாகவே வருகிறது. உத்தராகண்ட மாநிலம் 2018-இல் வணிக முறைப் பயிருக்கு இவ்வாறு வழி திறந்தது. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இச்செடியின் விதையையும் விதையெண்ணெயையும் விதைமாவையும் வரையறைக்குட்பட்ட உணவாக ஏற்றது. இசைவின்றிப் பயிரிடுவோர்க்கோ பத்தாண்டு வரை கடுங்காவலும் ஓரிலக்க ரூபாய் வரை தண்டமும் விதிக்க அச்சட்டத்தின் இருபதாம் பிரிவு இடந்தருகிறது.

பெயர் எதுவாதல் வேண்டும்?

இந்நிலையில் ‘தொழிற்சாலைச் சணல்’ என்னும் மொழிபெயர்ப்பின் தீங்கு வெளிப்படை. சணப்பு விதைக்க யாருடைய இசைவும் வேண்டா, சணலுக்கும் அவ்வாறே. வருவாய் மிக்க புதிய சணல் ஒன்று வந்துளது எனப் படிக்கும் உழவர், அதற்கு அரசாணை வேண்டும் என எங்ஙனம் உணர்வார்? விதையை வாங்கி ஊன்றிய பின் அவர் அறியும் உண்மை பத்தாண்டுச் சிறையாக இருத்தலும் கூடும். மொழிபெயர்ப்பின் பிழை ஈண்டு நடைப்பிழையன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும் பிழை. மேலும் ‘தொழிற்சாலை’ என்னும் அடையும் பொருந்தாது. செடி ஆலையில் விளைவதன்று.

‘தொழில்துறைக் கஞ்சா’ என்பது இனத்தை மறையாது கூறுவதால் முன்னதினும் நன்று. ஆயின் தொழில்துறை என்பது எத்தொழில் என விளக்காது. மயக்கப் பொருளைப் பெருமளவில் ஆக்கும் தொழில் எனவும் பொருள்படும். ‘ஹெம்ப்’ என ஒலிபெயர்த்து எழுதுதலோ, 1937-இல் அயற்சொல்லால் நேர்ந்த மயக்கத்தையே நம்மிடையும் புகுத்துவதாகும்.

‘நார்க்கஞ்சா’ என்னும் பெயரை நாம் முன்வைக்கிறோம். நாருக்காக வளர்க்கப்படும் கஞ்சா என விரித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக இதனைக் கொள்ளலாம். இதன் நிலைமொழி நோக்கத்தைக் கூறும். வருமொழி இனத்தைக் கூறும். சட்டம் பயிரை இனத்தால் விலக்கி, நோக்கத்தால் விடுவிக்கிறது எனக் கண்டோம். அவ்விரண்டும் இப்பெயரில் ஒருங்கே அமைகின்றன. கேட்பவர் இது கஞ்சா இனத்தது, எனவே இசைவு வேண்டும் என்பதையும், இதன் பயன் நார், எனவே அஞ்சி ஒதுக்குதற்குரியதன்று என்பதையும் ஒருசேர உணர்வர்.

விதைக்காகவும் வளர்க்கப்படுவதை நார்க்கஞ்சா என்றல் எங்ஙனம் பொருந்தும் எனின், தலைமை பற்றிய வழக்கு எனக் கொள்க. நார்க்கென வந்த வகைகளினின்றே விதைப்பயிரும் பெரிதும் தோன்றியது. விதையைத் தனித்துக் கூறவேண்டிய இடத்து ‘நார்க்கஞ்சா விதை’ என்றல் அமையும். சணப்பு, சணல் என்னும் இரு சொற்களையும் தத்தம் பொருளிலேயே நிறுத்துதல் இன்றியமையாதது. பழைய ஆங்கில நூல்களில் ‘இந்திய ஹெம்ப்’ எனக் காணும் இடமெல்லாம் நூல் நார் பற்றியதா மருந்து பற்றியதா என ஆய்ந்தே மொழிபெயர்த்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு செடி ஆடையாகவும் கயிறாகவும் உணவாகவும் மயக்கமாகவும் பயன்பட்டமையும், அதன் பெயர் வேறு பல செடிகளுக்குச் சென்று பரவியமையும், அப்பரவலால் வணிகர், மருத்துவர், சட்டமியற்றுவோர் ஆகியோர் ஒரே சொல்லால் வேறு வேறு பொருளைப் பேசியமையும் பெறப்பட்டன. சட்டங்கள் இனம், உறுப்பு, நோக்கம், அளவு என நான்கு வகையால் எல்லை வகுக்க முயன்றன. அவற்றுள் எதனைப் பின்பற்றும் நாட்டைப் பற்றி எழுதுகிறோம் என்பதை அறிந்தே தமிழில் எழுதுதல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் அகராதியைப் புரட்டி நேர்ச்சொல் காணும் தொழிலன்று. பொருளின் வரலாற்றையும் அதனைக் கையாள்வார்க்கு நேரக்கூடிய நன்மை தீமைகளையும் எண்ணிச் செய்யும் தொழிலாகும். வேளாண்மை ஏடுகளும் செய்தி இதழ்களும் அரசின் மொழிபெயர்ப்புத் துறையினரும் இப்பெயரை ஆராய்ந்து, இதனினும் ஏற்புடைய பெயர் உண்டாயின் அதனை வழங்குவார்களாக. சணல் என்னும் பெயரை மட்டும் இச்செடிக்கு ஏற்றாதொழிக.